வியாபாரி என்று எழுதப்பட்ட தொழிலாளி

(பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. 29.9.2024 அன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை)

வாசகங்கள்: எண்ணிக்கை 11:25-29, யாக்கோபு 5:1-6, மாற்கு 9:38-43, 45, 47-48

 

இன்றைய சிந்தனையை ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் குடும்பம் இல்லாத ஊர் குறைவு. காலையில் வீட்டு வேலை முடிந்ததும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காரும் தாய்மார்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். நம்மில் பலருடைய பள்ளிக் கட்டணம் அந்தச் சுளகிலிருந்து வந்ததுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், கிளைப்பங்கு ஒன்றில் அறுபதை நெருங்கிய ஒரு தாய் எங்களைப் பார்க்க வந்தார். திருமணமாகி அந்த ஊருக்கு வந்த நாள் முதல் பீடி சுற்றுகிறவர். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பி.எஃப். பணம் ஏதாவது கிடைக்குமா என்று பீடிக்கடையில் போய்க் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு ஏது பி.எஃப்.? நீங்க எங்ககிட்ட வேலை பாக்கலியே! இலையை விலைக்கு வாங்குதீங்க, பீடியை எங்களுக்கு விக்கிதீங்க. கணக்கு அப்படித்தான் இருக்கு" என்றாராம்.

அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் கடை நோட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பேத்தி வாசித்துவிட்டு, "ஆச்சி, இதுல ஒன்னய 'விற்பவர்'னு எழுதியிருக்கு. நீ யாவாரியாம்" என்றாள்.

எங்கள் முன் அந்த நோட்டை விரித்து வைத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "சாமி, முப்பது வருஷமா இடுப்பு ஒடிய சுத்தியிருக்கேன். நான் என்ன யாவாரம் பண்ணேன்?"

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய மறையுரை.

அந்த நோட்டில் நடந்திருப்பது என்ன என்று முதலில் புரிந்துகொள்வோம். பீடி இலையும் தூளும் கம்பெனியிடமிருந்து கடைக்கு வருகின்றன. கடையிலிருந்து அவை நம் வீட்டுக்கு வருகின்றன. சுற்றிய பீடியைக் கட்டாகக் கட்டிக் கடையில் கொடுக்கிறோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறோம். காலங்காலமாக நடப்பது இதுதான். ஆனால் சில இடங்களில் இதே வேலைக்கு வேறு கணக்கு எழுதப்படுகிறது. இலையையும் தூளையும் தொழிலாளிக்கு 'விற்றதாக' ஒரு பக்கம் எழுதுகிறார்கள். பீடியை அவரிடமிருந்து 'வாங்கியதாக' மறுபக்கம் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் கைக்கு வருகிறது. சுளகு மாறவில்லை, விரல்களின் வலியும் மாறவில்லை. ஏட்டில் பெயர் மட்டும் மாறிவிட்டது. தொழிலாளி வியாபாரி ஆகிவிட்டார். வியாபாரிக்கு யார் வைப்பு நிதி கட்டுவார்? வியாபாரிக்கு யார் விடுப்புக் கூலி கொடுப்பார்?

இப்போது இன்றைய முதல் வாசகத்துக்கு வருவோம். மோசே எழுபது மூப்பர்களைக் கூடாரத்துக்கு அழைக்கிறார். ஆண்டவரின் ஆவி அவர்கள்மீது இறங்குகிறது. ஆனால் எல்தாது, மேதாது என்ற இருவர் கூடாரத்துக்குப் போகவில்லை, பாளையத்திலேயே தங்கிவிட்டார்கள். இருந்தும் ஆவி அவர்கள்மீதும் இறங்கியது. ஏன் தெரியுமா? விவிலியம் அங்கே ஒரு சிறு குறிப்பைத் தருகிறது. அவர்கள் பெயர்கள் பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. கூடாரத்துக்கு வராததால் அவர்கள் மூப்பர்கள் அல்ல என்று கடவுள் சொல்லவில்லை. யோசுவாதான் பதறிப்போய், அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்றார். மோசே அதற்கு இணங்கவில்லை.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் நம் சகோதரிகளை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் கம்பெனியின் கூடத்துக்குப் போகாதவர்கள். அதற்காக அவர்கள் அந்தத் தொழிலின் தொழிலாளர்கள் இல்லையா? நம் நாட்டுச் சட்டம் இந்தக் கேள்விக்குத் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளியோ ஒப்பந்தக்காரரோ கொடுக்கும் மூலப்பொருளை வைத்து வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. அச்சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1977-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று மறுபடியும் வழக்கு நடந்தது. 1985-இல் உச்ச நீதிமன்றம், வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் அச்சட்டத்தின்படி தொழிலாளர்களே என்று உறுதிசெய்தது.

அந்தத் தீர்ப்பில் நாம் எல்லாரும் எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. பீடியைக் கழிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் வேலையின் மீதான அதிகாரமும் இருக்கிறது என்பதே அது. பீடிக்கடைக்குப் போய்வந்த எல்லாருக்கும் 'கழிவு' என்றால் என்னவென்று தெரியும். சரியாகச் சுற்றவில்லை, நீளம் போதவில்லை என்று ஒரு கட்டிலிருந்து இத்தனை பீடியை எடுத்துவிடுவார்கள். எடுத்ததற்குக் கூலி கிடையாது.

எனவே, அந்தத் தாயின் கேள்விக்கு விடை காண நமக்கு நாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். இலையும் தூளும் யார் கொடுக்கிறார்கள்? ஆயிரத்துக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது யார்? சுற்றிய பீடியை, அதிக விலை கிடைக்கிறது என்பதற்காக வேறு ஒருவருக்கு விற்க எனக்கு உரிமை உண்டா? பீடியைக் கழிப்பது யார், கழித்ததன் நட்டம் யார் தலையில் விழுகிறது? இலை அவருடையது, விலை அவருடையது, கழிக்கும் உரிமையும் அவருடையது, நட்டம் மட்டும் நம்முடையது என்றால், உலகத்தில் எந்த வியாபாரி அப்படி வியாபாரம் செய்வான்?

இது பீடியோடு முடிகிற கதையும் அல்ல. நம் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூருவிலும் இருசக்கர வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 'பார்ட்னர்' என்று அவர்களுக்குப் பெயர். 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அவர்கள் தனித்தொழில் செய்பவர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. நீதிமன்றமோ, காகிதத்தில் எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், கட்டணத்தை யார் முடிவுசெய்கிறார்கள், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்த்தது. அவர்கள் தொழிலாளர்களே என்று முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பு அந்த நாட்டுச் சட்டத்தின்படி வந்தது. ஆனால் அந்த நீதிபதிகள் கேட்ட கேள்வியும் நம் திண்ணையில் நாம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்.

ஒரு பெயர் மாறினால் எவ்வளவு போகும் என்றும் கணக்குப் பார்ப்போம். பீடித் தொழிலில் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்குப் பத்து அவர் பங்காகவும், அதே அளவு முதலாளியின் பங்காகவும் வைப்பு நிதிக்குப் போக வேண்டும். மாதம் 5,000 ரூபாய் கூலி என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலாளி கட்ட வேண்டியது மாதம் 500 ரூபாய். இருபது ஆண்டில் அது 1,20,000 ரூபாய். இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. அந்தப் பங்கிலிருந்துதான் ஓய்வூதியக் கணக்குக்கும் பணம் போகிறது. பத்து ஆண்டுப் பணி பதிவாகியிருந்தால் 58 வயது முதல் ஓய்வூதியம் உண்டு. 2014 முதல் அதன் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய். பெரிய தொகையில்லைதான். ஆனால் மாத்திரை வாங்க மகனிடம் கைநீட்டாமல் இருக்க, ஒரு விதவைத் தாய்க்கு அந்த ஆயிரம் ரூபாய் என்ன பெறும் என்று நமக்குத் தெரியும். விடுப்புக் கூலியும் பேறுகாலப் பயனும் இதே போலத்தான். அவை தொழிலாளிக்கு உரியவை. வியாபாரிக்கு இல்லை.

அன்பார்ந்தவர்களே, இங்கேதான் புனித யாக்கோபு நம் கதவைத் தட்டுகிறார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். நன்றாகக் கவனிப்போம். அறுவடை செய்தவர்களின் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியதை அவர் பிறகு சொல்கிறார். முதலில் கூவுவது கூலி. தொழிலாளி வாய் திறக்கப் பயப்படும் இடத்தில், கொடுக்கப்படாத காசு வாய் திறக்கிறது. அந்தத் தாயின் நோட்டில் எழுதப்படாமல் போன அந்த 500 ரூபாய் மாதந்தோறும் கடவுளிடம் முறையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நம் காதுக்குத்தான் கேட்கவில்லை.

கூலியாளுக்குச் செய்யும் அநீதியை, விண்ணகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்றாகத் திருஅவையின் மறைக்கல்வி நூல் வரிசைப்படுத்துகிறது. ஆபேலின் இரத்தம் நிற்கும் அதே வரிசையில் அது நிற்கிறது. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதிய 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலும், இன்று நாம் கேட்ட யாக்கோபின் இதே பகுதியை எடுத்துக்காட்டி, உரிய கூலியைப் பறிப்பது பெருங்குற்றம் என்று கற்பிக்கிறது.

இதில் இன்னொரு கட்டளையும் மீறப்படுகிறது. களவு செய்யாதே என்ற கட்டளையை நாம் எளிதில் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தொழிலாளியை வியாபாரி என்று எழுதும்போது எட்டாம் கட்டளையும் மீறப்படுகிறது. அது பிறருக்கு எதிரான பொய்ச்சான்று. பொய்ச்சான்று நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்வது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு நோட்டிலும் அதைச் சொல்ல முடியும்.

அப்படியானால் அதைப் பற்றி மனு கொடுப்பதற்கு என்ன பெயர்? மெய்ச்சான்று என்றுதான் நாம் சொல்ல வேண்டும்.

ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். 'காட்டிக் கொடுப்பது' என்கிறோம். சோறு போட்டவரைக் காட்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறோம். மகள் கல்யாணத்துக்கு அவர்தானே முன்பணம் தந்தார், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாரே என்கிறோம். நன்றி மறவாமை நம் மண்ணின் நல்ல குணம். அதை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் சேலை அன்பளிப்பு, வைப்பு நிதி உரிமை. அன்பளிப்பைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்வது கொடை ஆகாது. யூதாசு காட்டிக் கொடுத்தான் என்றால், அவன் மாசற்றவரைக் காசுக்காகப் பகைவர் கையில் ஒப்படைத்தான். தன் பெயரைச் சரியாக எழுதுங்கள் என்று ஓர் அலுவலரிடம் கேட்கும் தாய் யாரைக் காட்டிக் கொடுக்கிறார்? யாரிடம் காசு வாங்கினார்?

அச்சம் இன்னொரு பக்கம். 'தூள் வரவில்லை' என்று சொல்லி நாலு வாரம் இலை கொடுக்காமல் விட்டால் அடுப்பு எரியாது. இந்த அச்சத்தை நாங்கள் இங்கிருந்து லேசாகப் பேசிவிட முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான கூலியோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் சட்டப் புத்தகம் அன்றைக்கு மாலையே உலையில் அரிசி போடாது. அதை நாம் மறைக்க வேண்டாம். மெய்ச்சான்று சொல்கிறவருக்கு விலை உண்டு. அந்த விலையை அவர் ஒருவரே கொடுக்க விடலாமா என்பதுதான் பங்குச் சமூகமாகிய நம்முன் நிற்கும் கேள்வி.

எப்படிச் செய்வது? நம் ஆண்டவரே வழி காட்டியிருக்கிறார். சகோதரர் பாவம் செய்தால் முதலில் அவரிடம் தனியே பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் செவிசாய்க்காவிட்டால் சபையில் சொல்ல வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் தரும் இந்த வழியை நம் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் கடைக்காரரிடமோ கம்பெனியிடமோ கேட்கலாம். தனியே போக அச்சமானால் நாலைந்து பேராகப் போவதே நல்லது. பெயரைத் தொழிலாளர் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்ட தேதியைக் குறித்து வைக்க வேண்டும்.

அடுத்து, சான்றுகளைச் சேர்க்க வேண்டும். கடை நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். புதிய நோட்டு தருகிறோம், பழையதைக் கொடுங்கள் என்றால், கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் பிள்ளைகளைக் கொண்டு கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கினோம், எத்தனை பீடி கொடுத்தோம், எத்தனை கழிந்தது, எவ்வளவு கூலி வந்தது என்று தேதி போட்டு நாமே ஒரு நோட்டில் எழுதி வருவோம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அதுவும் சான்றுதான். வெற்றுத் தாளிலோ, வாசித்துப் பார்க்காத தாளிலோ கைநாட்டு வைக்கவே கூடாது.

மூன்றாவது, மனு. வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். யார் எங்கே வேலை செய்கிறோம், எந்த ஆண்டு முதல், கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். நாம் மெய்ச்சான்று சொல்லப் போகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். வைப்பு நிதிச் சட்டத்தின்படி, கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று விசாரித்து முடிவுசெய்ய அந்த அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஆட்களை வரவழைக்கலாம், பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லலாம். நிலுவைத் தொகைக்கு வட்டியும் உண்டு. முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்வோம். கூலி, விடுப்பு, கழிவு பற்றிய குறைகளைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சொல்லலாம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வது மிகவும் முக்கியம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

இதற்கெல்லாம் நம்மோடு யார் வருவார்? பெரும்பாலும் ஒரு தொழிற்சங்கத்துக்காரர்தான் வருவார். அப்போது நம் பங்குகளில் ஒரு குரல் எழும்பும்: "அவர் நம்ம ஆள் இல்லையே. கோயிலுக்கே வராதவர். செங்கொடி பிடிக்கிறவர்." இன்றைய நற்செய்தியில் யோவான் இயேசுவிடம் சொன்னதும் இதேதானே! நம்மைச் சாராத ஒருவர் பேய் ஓட்டுகிறார், தடுக்கப் பார்த்தோம் என்கிறார். இயேசு தடுக்க வேண்டாம் என்கிறார். நமக்கு எதிராக இராதவர் நம் பக்கம் இருப்பவர் என்று கற்பிக்கிறார். ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்தவருக்குக்கூடக் கைம்மாறு உண்டு என்கிறார். எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு மனு எழுதிக் கொடுத்து, பேருந்தில் கூட்டிப்போய், அலுவலக வாசலில் நாள் முழுவதும் காத்திருக்கிற அந்த மனிதரின் கைம்மாறு என்னவென்று ஆண்டவருக்குத் தெரியும்.

இந்த ஒலிபரப்பைக் கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்களும் எங்கள் சகோதரர்களே. திருவிழாவுக்குத் தாராளமாக நன்கொடை தருகிறவர்கள் உங்களில் உண்டு. மேலே கம்பெனி நெருக்குகிறது, கமிஷன் குறைவு, இப்படி எழுதாவிட்டால் கடையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில், நேரடி முதலாளி மட்டுமன்றி மறைமுக முதலாளி ஒருவரும் உண்டு என்று கற்பித்தார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வேலையின் நிபந்தனைகளைத் தீர்மானிக்கிறவர்களுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. அவர்கள் பொறுப்பை நாங்கள் உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் பேனா உங்கள் கையில் இருக்கிறது. பாவத்தில் விழச் செய்யும் கையைப் பற்றி இன்று இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார்! சிறியோரை விழச் செய்பவரின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்ட வேண்டும் என்றாரே! கையை வெட்ட வேண்டாம், அன்புச் சகோதரரே. அந்தக் கை நாளை முதல் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். உங்கள்மீது மனு வருமானால், அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆன்மாவுக்குச் செய்யப்பட்ட நன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கண்ணிலுள்ள துரும்பைப் பார்த்துவிட்டோம். நம் கண்ணையும் பார்ப்போம். நம் பங்குகளில் வேலை செய்கிறவர்களை நாம் என்ன பெயரில் எழுதுகிறோம்? உபதேசியாருக்கு, கோயில்பிள்ளைக்கு, பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாவுக்கு, மழலையர் பள்ளி ஆசிரியைக்கு நாம் கொடுப்பதற்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். வேலைக்குச் 'சேவை' என்று பெயர். சேவை என்ற புனிதமான சொல்லின் கீழே ஒருவருடைய முதுமைக்கான சேமிப்பைப் புதைத்திருக்கிறோமா? பீடிக்கடை நோட்டில் 'விற்பவர்' என்று எழுதியது பொய் என்றால், நம் பங்குக் கணக்கேட்டில் உள்ள சொற்கள் மெய்தானா? பங்குப்பணிக் குழுக்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும். அருள்பணியாளர்களாகிய நாங்கள் முதலில் எங்கள் கணக்கைத் திறக்கிறோம்.

பங்காக நாம் இன்னும் என்ன செய்யலாம்? மனு எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பங்கு மன்றத்தைத் திறந்து வைக்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் மனுக்களை எழுதித் தரலாம். மனு கொடுத்ததால் இலை நிறுத்தப்பட்ட வீடுகளுக்கு, வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியங்களும் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அது தருமம் அல்ல. சான்று சொல்கிறவர் தோளில் இருக்கும் சுமையில் நம் பங்கை நாம் தூக்குவது அது.

அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் மனு கொடுத்தார். முதலில் தனியாகத்தான் கையெழுத்துக்கு வந்தார். பெயர் எழுதப் பேத்தி பழக்கிக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு அந்தத் தெருவில் இன்னும் ஏழு பெண்கள் வந்தார்கள். மூன்று வாரம் அந்த எட்டு வீட்டுக்கும் இலை வரவில்லை. பக்கத்து அன்பியத்தார் மாறி மாறி அரிசி கொடுத்தார்கள். பிறகு விசாரணைக்குக் கடிதம் வந்தது, கடைப் பதிவேடுகள் அலுவலகத்துக்குப் போயின. நாங்கள் அந்தப் பங்கிலிருந்து மாறுதலாகி வரும்போது விசாரணை முடிந்திருக்கவில்லை. முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சையும் நடந்திருக்கவில்லை. ஆனால் வழியனுப்ப வந்த அன்று, கடையில் புதிதாகக் கொடுத்த நோட்டைக் காட்டினார். 'தொழிலாளி பெயர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. "பணம் வந்தா வரட்டும், சாமி. செத்தாலும் யாவாரியா சாக மாட்டேன்" என்றார்.

அன்பார்ந்தவர்களே, நம் ஆண்டவர் தச்சரின் மகன் என்று அழைக்கப்பட்டவர். அந்தப் பெயரை அவர் மறைக்கவில்லை. 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். தொழிலாளி என்ற பெயர் பீடத்தில் ஏற்றப்பட்ட பெயர். அந்தப் பெயரை ஒருவரிடமிருந்து பறிக்கவும் கூடாது, பறிக்கப்படும்போது நாம் பார்த்துக்கொண்டு இருக்கவும் கூடாது.

மன்றாடுவோம். உழைப்போரின் குரலைக் கேட்கும் ஆண்டவரே, பெயர் மறுக்கப்பட்ட எங்கள் சகோதர சகோதரிகளுக்கு உண்மையைச் சொல்லும் துணிவைத் தாரும். கணக்கு எழுதும் கைகளுக்கு நேர்மையைத் தாரும். சான்று சொல்கிறவர்களைத் தனியே விட்டுவிடாத அன்பை எங்கள் பங்குகளுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.